எழுப்பாமல் விட்ட படுகளம்

பச்சையம்மாள் கூப்பிடவில்லை, கதவையும் தட்டவில்லை. கொல்லைப்பக்கமாக வந்து மாட்டுத்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். பல் தேய்த்தபடி வந்த அருள்மொழி அவளைப் பார்த்ததும் வாய் நிறைய நுரையோடு நின்றுவிட்டாள்.

"துப்பிட்டு வா பாப்பா. நான் எங்கியும் ஓடிப்போவல."

அருள்மொழி துப்பினாள், முகம் கழுவினாள், முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தாள். இவள் வருவாள் என்று அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியும். வெள்ளிமலை உறைவிடப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. கீழே நடப்பது எதுவானாலும் மலைமேல் உட்கார்ந்துகொண்டு தள்ளிப்போடலாம். வாராவாரம் அண்ணன் வீட்டுக்கு இறங்கி வருகிறவள், மழை என்றும் பேருந்து இல்லையென்றும் சொல்லி மேலேயே இருந்துவிட்டாள். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய படத்துணியைக் கண்காட்சிக்கு ஏற்றிப்போக மெட்ராஸிலிருந்து வேன் வருகிறது. அதற்காகத் துணியோடு இறங்கித்தான் ஆகவேண்டியிருந்தது.

"இளவரசன் எப்படி இருக்கான்?"

"படுத்துக்கினு இருக்கான். நீ படுக்க வச்ச மாதிரியே." பச்சையம்மாளின் குரலில் அழுகை இல்லை. "படுக்க வச்சவதான எழுப்பணும்? அதான் வந்தேன். எழுப்பு."

"பச்சையம்மா, அவன் மேல மரம் விழுந்தது."

"ஊரு ஒலகமே மரம் வெட்டுச்சி. எம்புள்ள மேல மட்டும் ஏன் வுழுந்துச்சி?"

அதற்கு அருள்மொழியிடம் பதில் இருந்தது. அதுவரை கரும்பு மட்டுமே வெட்டியவன் புளியமரத்தை வெட்டப் போனால் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நிற்பான். அவள் சொல்லவில்லை. சொன்னால் படுத்துக் கிடப்பவன் மேலேயே பழி போடுவதாக ஆகும்.

புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் சாலையோர மரங்கள் குறுக்கே கிடந்தன. பேருந்து இல்லை, பால் இல்லை, பேப்பர் இல்லை. தியாகதுருகம் சாலையில் இளவரசன் வெட்டிய மரம் முறுக்கிக்கொண்டு அவன் பக்கமே சாய்ந்தது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் உயிருக்குப் பயமில்லை என்றார்கள். இடுப்புக்குக் கீழே இனி அசையாது என்றும் சொல்லி, கயிற்றுக் கட்டிலில் கிடத்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

மறியல் முடிந்து முதல் பேருந்து மலையேறி வந்த அன்று, கண்டக்டர் சொல்லித்தான் அருள்மொழிக்குத் தெரிந்தது. கேட்டதும் அவள் குவார்ட்டர்ஸுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஆடியில் ஊர் ஆட்களைப் படுக்கவைத்து உருவம் எடுத்திருந்த துணியை வெளியே எடுத்தாள். இளவரசன் இருந்த இடம் வரைக்கும் விரித்துப் பார்த்தாள். துக்கத்தால்தான் பார்க்கிறோம் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். ராத்திரி படுத்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது, அவள் கண் அங்கே வேறு வேலை பார்த்திருக்கிறது. அந்த உருவத்துக்கு இப்போது கனம் கூடியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறது. கூடித்தான் இருந்தது.

அவள் மெட்ராஸில் ஓவியம் படித்த நாட்களில் நூலகத்தில் ஒரு படத்தைப் பார்த்தாள். ஹிரோஷிமாவில் ஒரு கட்டடத்தின் கல்படி. அதில் யாரோ உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். குண்டு வெடித்த வெளிச்சம் சுற்றியிருந்த கல்லை வெளுத்துவிட்டது. ஆள் இருந்த இடம் மட்டும் நிழலாகத் தங்கிவிட்டது. கேமராவும் இல்லை, படம் பிடிக்க ஆளும் இல்லை. வெளிச்சமே எடுத்த படம். ரஷ்யாவில் அணு உலை வெடித்தது என்று போன வருஷம் ரேடியோவில் கேட்டபோது அந்தப் படி மறுபடியும் அவள் தூக்கத்தில் வர ஆரம்பித்தது. விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வெளிநாட்டுப் பால் பவுடரில்கூட அணுக்கதிர் விஷம் இருக்குமோ என்று அவள் சந்தேகப்பட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற வீம்பில் பிறந்ததுதான் அந்தத் துணி.

காடாத்துணியை அகலமாகத் தைத்து, ஜன்னல் இல்லாத நெல்லறையில் வைத்து இரண்டு ரசாயனத்தைக் கலந்து வெள்ளையடிக்கிற பிரஷ்ஷால் பூசினாள். கட்டட வரைபடங்களை நீலத்தில் நகலெடுக்கிற அதே சரக்கு. பூசிய துணி பாசிநிறத்தில் இருக்கும். அதில் ஒரு ஆளைப் படுக்க வைத்து வெயிலில் விட்டுவிட்டுத் தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடமெல்லாம் கருநீலமாகும். ஆள் படுத்த இடம் வெள்ளையாக நிற்கும்.

அசையாமல் படுக்க ஆள் வேண்டுமே. அதற்கு அவள் ஊரைவிட்டு வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. அந்த ஊர் ஆண்களுக்குச் செத்தவர்களாகப் படுக்கத் தெரியும். திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள் படுகளம். பாரதப் போரில் செத்தவர்களாக அவர்கள் களத்தில் வரிசையாகப் படுப்பார்கள். மேலே வெள்ளைத் துணி போர்த்துவார்கள், பெண்கள் தலைவிரித்து ஒப்பாரி வைப்பார்கள். அப்புறம் பூசாரி அம்மாசி சாட்டையோடு வந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒவ்வொருவனையும் பேர் சொல்லி எழுப்புவார். எழுப்பாமல் எவனும் எழுந்துகொள்ள மாட்டான். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டான்.

ஆடி மாதம், ஹிரோஷிமாவில் குண்டு போட்ட தேதியில், அண்ணனின் நெல் காயவைக்கிற களத்தில் அவர்களை அவள் படுக்கவைத்தாள். அம்மாசி பம்பை அடித்தார். பம்பை நின்றதும் எல்லோரும் துணிமேல் விழவேண்டும் என்பது அவள் போட்ட ஏற்பாடு.

"கேமராவே இல்லாம படமா?" என்று அம்மாசி சிரித்தார். "கவருமெண்ட்டு சம்பளம் வாங்கறீங்க, ஒரு கேமரா வாங்கக்கூடாதா டீச்சரம்மா?"

அவர் சிரிப்பு எழுப்புகிற கட்டம் வரும்வரைதான். மஞ்சள் தண்ணீர்ச் சொம்பை அவர் எடுத்தபோது அவள் தடுத்தாள்.

"எழுப்பக் கூடாது. நான் கைதட்டுவேன். அவங்களா எழுந்து, திரும்பிப் பாக்காம போய்டணும்."

"எழுப்பாம வுட்டா நல்லா இருக்காதும்மா."

"அங்க செத்தவங்கள யாரு வந்து எழுப்புனாங்க?"

"அது அவங்க ஊரு."

"இது சாமி கும்புடற எடம் இல்ல அம்மாசி. நான் சொல்றத மட்டும் செய்யுங்க."

அதைச் சொல்லும்போது அவள் உடம்பில் ஒரு சுகம் ஓடியது. எழுப்பினால் பொய். எழுப்பாமல் விட்டால்தான் உண்மை. அவளுடைய கலையின் உயிரே அந்த ஒரு மறுப்பில்தான் இருந்தது. படுத்திருந்த இளவரசன்தான் அந்த நேரத்தில் வாயைத் திறந்தான்.

"டீச்சரம்மா, கட்டெறும்பு கடிக்குது. செத்தவன் சொறிஞ்சிக்கலாமா?"

வரிசை முழுக்கக் குலுங்கியது. வேடிக்கை பார்த்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"செத்தவன் பேச மாட்டான்" என்றாள் அருள்மொழி.

சிரிப்பு அடங்கிவிட்டது. வெயில் ஏறியது. அவள் கைதட்டியதும் ஒவ்வொருவராக எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார்கள். பச்சையம்மாள் மட்டும் நின்று, "அவ்ளோதானா?" என்று கேட்டாள். அருள்மொழி அதற்குள் துணி நீலமாகிக்கொண்டிருந்த பம்புசெட் தொட்டியில் குனிந்துவிட்டாள்.

இப்போது பச்சையம்மாள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு அதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்காட்டினாள். எதையும் மறக்கவில்லை.

"செத்தவன் பேச மாட்டான்னு எம்புள்ளய பாத்து சொன்ன. நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன். ஒன் நாக்குல அன்னிக்கி இன்னா இருந்துச்சோ." அவள் எழுந்தாள். "வெள்ளிக்கெழம அம்மாசி வர்றாரு. துணிய களத்துல விரி. அவன் படுத்த எடத்துல மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்ச தண்ணி ஊத்தி, நீதான் பேர சொல்லி எழுப்பணும்."

"சுண்ணாம்பா?" என்றாள் அருள்மொழி. சுண்ணாம்பு பட்டால் அந்த நீலம் நிற்காது. நீலம் போனால் வெள்ளை உருவமும் போய்விடும். பின்னால் ஒன்றும் இல்லாதபோது உருவம் ஏது? "மஞ்சள் தண்ணி மட்டும் போதாதா? திருவிழாவுல அதானே தெளிக்கறாங்க?"

"திருவிழால அன்னிக்கே எழுப்பறாங்க. இவன் ரெண்டு மாசமா கெடக்குறான். சுண்ணாம்பு சேத்துத்தான் ஊத்தணும்னு அம்மாசி சொல்லிட்டாரு."

"அப்ப அவன் படுத்த இடத்த மட்டும் வெட்டித் தரேன். நீ எடுத்துக்கினு போயி என்ன வேணா செய்."

பச்சையம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"எம்புள்ளய வெட்டித் தர்றியா நீ?"

வந்த வழியே போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பிடும்போது அண்ணன் காசிநாதனே பேச்சை எடுத்தார். ஊரில் பெரிய நிலக்காரர். பச்சையம்மாள் அவர் நிலத்தைத்தான் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுகிறாள், புருஷன் செத்த பிறகும் விடாமல்.

"குடுத்துத் தொலை அருளு."

"என்னத்த?"

"துணியத்தான். பொம்பள ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறா. டீச்சர் படுக்க வச்சி எழுப்பாம வுட்டதாலதான் புள்ள கெடக்குறான்னு. தண்ணிய ஊத்தி வுட்டா அவ வாயும் அடங்கும்."

"அந்தத் துணி கண்காட்சிக்குப் போவுதுண்ணா. அங்கேர்ந்து ஜப்பானுக்கே போவலாம்னு சொல்றாங்க. பத்து வருஷமா நான் செஞ்சதுல உருப்படியானது அது ஒண்ணுதான்."

"துணிதானே. இன்னொண்ணு பண்ணு. ஆளுக்கா பஞ்சம்?"

அவர் ரசத்தை உறிஞ்சினார். அவ்வளவு நிம்மதியாக அவர் சாப்பிட்டு அவள் சமீபத்தில் பார்த்ததில்லை. அண்ணி பார்வையைத் தாழ்த்திக்கொண்டு அப்பளம் வைத்தாள். இந்த வீட்டில் தன் படங்களைப் பற்றி அண்ணன் ஒருநாளும் வாய் திறந்ததில்லையே, இன்றைக்கு என்ன அக்கறை என்று அருள்மொழி யோசித்தாள். அந்த யோசனையோடுதான் சாயங்காலம் பச்சையம்மாள் வீட்டுக்குப் போனாள். அவள் கரும்புத் தோட்டத்துக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனாள்.

இளவரசன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தான். வாசலில் வெளிச்சம் மறைந்ததும் திரும்பினான். தாடி வளர்ந்திருந்தது. கட்டிலின் காலடியில் யாரோ கொண்டுவந்து வைத்த சாத்துக்குடிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"வாங்க டீச்சரம்மா. செத்தவன் பேச மாட்டான்னீங்க. பாருங்க, பேசிக்கினுதான் இருக்கேன்."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல இளவரசா."

"எந்த அர்த்தத்துல சொன்னீங்க?"

அவள் கண் உட்கார இடம் தேடியது. அங்கே எதுவும் இல்லை.

"அம்மா சொல்ற மாதிரி அந்தத் துணியாலதான்னு நீ நம்பறியா?"

"எங்கம்மா இன்னா நம்பறான்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு எங்க தெரியப்போவுது?" அவன் கையால் தொடையைக் கிள்ளிக்கொண்டான். கிள்ளியது அவனுக்குத் தெரியவில்லை என்பதை அவள் பார்க்கவேண்டும் என்றே கிள்ளினான். "துணி எங்கியோ போவுதாமே?"

"மெட்ராஸுக்கு. அப்புறம் ஒருவேளை ஜப்பானுக்கு."

"நான் மல்லாந்து கெடக்கறத ஜப்பான்காரன் டிக்கட்டு வாங்கி பாப்பானா?"

"அவங்களுக்கு நடந்தது மாதிரி யாருக்கும் நடக்கக்கூடாதுன்னுதான்..."

"எனக்கு நடந்தத யாரு பாக்கறது?"

அவன் குரலை இறக்கினான். கோபம் இருந்த இடத்தில் இப்போது களைப்பு வந்திருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"வூட்டுக்கு ஒரு ஆளு மறியலுக்கு வரணும்னு ஊர்ல பேசுனாங்க. எங்க வூட்டுல அப்பா இல்லன்னு எங்கள வுட்டுட்டாங்க. உங்க வூட்டுக்காகப் போன ஆளு நானு. உங்கண்ணன் மவன் காலேஜி படிக்கறான் இல்ல, போலீசு கேசு ஆயிட்டா அவனுக்கு வேல கெடைக்காது. பெரியவரு கோடாலிய குடுத்து, எங்க பேர காப்பாத்துடான்னு சொல்லி அனுப்புனாரு. இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"தெரிஞ்சிக்கங்க."

வரப்பில் திரும்பி வரும்போது கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. அவள் கால்கள் நடந்துகொண்டிருந்தன. மனசு ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அண்ணனின் நிம்மதிக்குக் காரணம் இப்போது தெரிந்தது. துணி குற்றவாளியாகிவிட்டால் கோடாலியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். இத்தனைக்கும் அவள் கோபப்பட்டது முதலில் இளவரசனுக்காக இல்லை. தன் துணியை அண்ணன் தன் அழுக்கைத் துடைக்க எடுத்துக்கொண்டார் என்பதற்காகத்தான். அந்த வித்தியாசத்தை அவள் உடனே கண்டுகொண்டாள். கண்டுகொண்டதால் கோபம் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் இளவரசனைப் பார்த்துவிட்டு வந்த பிறகு துணியைத் தரமாட்டேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை; விரிக்கிறேன் என்று அம்மாசிக்குச் சொல்லி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஊர் களத்துக்கு வந்துவிட்டது. திருவிழாவுக்கு வராதவர்கள்கூட வந்தார்கள். "படுக்க வச்ச டீச்சரு எழுப்பறாங்களாம்" என்று தெருத்தெருவாகப் போயிருந்தது. காசிநாதன் நாற்காலி போடச்சொல்லி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

அருள்மொழி துணியை விரித்தாள். ஊர் அதை முதல்முறையாகப் பார்த்தது. கருநீலத்தில் கைகால் பரப்பிய வெள்ளை ஆட்கள் வரிசையாகக் கிடந்தார்கள். முகம் கிடையாது. ஆனாலும் ஒவ்வொருவனும் தன்னைத் தெரிந்துகொண்டான். அன்றைக்குப் படுத்தவர்களில் ஒருவன் தன் உருவத்தைக் கண்டதும் பின்னாலிருந்தவன் காலை மிதித்துக்கொண்டு நகர்ந்தான். "அடியே, பொணவரிசதாண்டி" என்று ஒரு கிழவி சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

இளவரசன் வரமாட்டேன் என்றுவிட்டான். கட்டிலோடு தூக்கிவர நான்கு பேர் போனார்களாம். காறித் துப்பி அனுப்பினானாம்.

பச்சையம்மாள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு மகனின் வெள்ளை உருவத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் சிவந்த தண்ணீர் ஒரு பித்தளை அண்டா நிறைய இருந்தது. அம்மாசி சாட்டையைச் சுழற்றித் தரையில் ஒரு அடி போட்டார்.

"இவன யாரு சாச்சது?"

படுகளத்தில் கேட்கிற வழக்கமான கேள்விதான். அங்கே பாரதத்துப் பேர்களில் ஒன்றைச் சொல்வார்கள். இங்கே அருள்மொழி 'நான்' என்று சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தது.

"சொல்லுங்க டீச்சரம்மா. யாரு சாச்சது?"

அருள்மொழி அண்ணனைப் பார்த்தாள். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். அந்த விரல்களின் நிதானம்தான் அவளைப் பேசவைத்தது என்று பிற்பாடு அவள் நினைத்துக்கொண்டாள்.

"இந்தத் துணியில படுக்க வச்சது நான். எழுப்பாம விட்டதும் நான்தான்" என்றாள். "மரத்தடிக்கு அனுப்புனது எங்கண்ணன். எங்க வீட்டு ஆளா, அவர் மகனுக்குப் பதிலா அனுப்புனாரு."

அம்மாசியின் சாட்டை தொங்கிவிட்டது. காசிநாதன் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கீழே வைத்தார். அவருக்கு முகம் சிவக்கக்கூட இல்லை. எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இனிமே அந்த வார நெலத்த வேற ஆளு பாத்துக்கட்டும்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். புல்லட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அருள்மொழிக்குள் ஒரு வெளிச்சம் இருந்தது, பத்து வருஷமாகச் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டது போல. பச்சையம்மாள் தன்னை நிமிர்ந்து பார்ப்பாள் என்று எதிர்பார்த்தாள். பச்சையம்மாள் நிமிர்ந்தாள்.

"தேவிடியா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "ஒன்ன யாருடி அத சொல்லச் சொன்னது?"

"உண்மைதானே பச்சையம்மா..."

"எனக்குத் தெரியாதா? கோடாலிய எங்கூட்டு வாசல்ல வச்சித்தாண்டி குடுத்தாரு ஒங்கண்ணன். நான் பாத்துக்கினுதான இருந்தேன். அவர கேட்டா நெலம் போவும், ஒன்ன கேட்டா துணிதான போவும்னு ஒங்கிட்ட வந்தேன். இப்ப ரெண்டும் போச்சி. கால் வெளங்காத புள்ளய வச்சிக்கினு நான் எங்க போயி ஒழைப்பேன்? ஒனக்கு இன்னா, உண்மைய சொல்லிட்டு மலையேறிடுவ."

ஊர் அருள்மொழியைப் பார்த்தது. அவளுக்கு அந்தக் கல்படி ஞாபகம் வந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவரை யாரும் கேட்கவில்லை. இவளையும் தான் கேட்கவில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. இரண்டு தடவையும் நல்ல காரியம் என்றுதான் நினைத்துச் செய்தாள்.

"அப்படின்னா துணியால இல்லன்னு தெரிஞ்சேதான் வந்தியா?" அவள் கேட்ட குரல் அவளுக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"எனக்கு இன்னா தெரியும்? எழுந்தா எழுந்துக்கறான். மரத்த திருப்பி நிக்க வைக்க முடியுமா? இதையாச்சும் பண்ணலாம் இல்ல." பச்சையம்மாள் அண்டாவை அவள் பக்கம் தள்ளினாள். "ஊத்து."

அருள்மொழி அண்டாவைத் தூக்கினாள். கனமாக இருந்தது. கால் பக்கத்திலிருந்து ஊற்றினாள். சிவப்புத் தண்ணீர் நீலத்தில் பட்டதும் ஒரு கணம் ஊதாவாகி, பிறகு நீலம் கரைந்து துருநிறமாகிக்கொண்டே வந்தது. பாதத்தின் ஓரம் போயிற்று, முழங்கால் போயிற்று. அந்த நிறம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவள் கண் அளந்துகொண்டிருந்தது. கண்ணைப் பிடுங்கிப் போடலாம் போல அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"பேர சொல்லு!" அம்மாசி அதட்டினார்.

"இளவரசா, எழுந்திரு" என்றாள்.

"கேக்கல."

"இளவரசா, எழுந்திரு!"

தண்ணீர் பக்கத்திலிருந்தவர்கள் மேலும் ஓடியது. ஒருவன் தோள் போயிற்று, இன்னொருவன் தலை போயிற்று. யாரும் தடுக்கவில்லை. அண்டா காலியானபோது துணியில் எவன் எங்கே படுத்தான் என்று சொல்ல முடியாமல் இருந்தது. ஊர் தெருப் பக்கமாகவே காதை வைத்துக்கொண்டு நின்றது. ஒரு நாய் குரைத்தது. இளவரசன் எழுந்துவிட்டான் என்று யாரும் ஓடி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்க்காமல் கலைய ஆரம்பித்தார்கள்.

பச்சையம்மாள் முடியை முடிந்துகொண்டாள்.

"இப்ப வா."

"எங்க?"

"ஒங்க அண்ணங்கிட்ட. நீ சொன்னது பொய்யின்னு போயி சொல்லு. நான் ஒண்ணும் சொல்லல, எம்புள்ளயும் சொல்லலன்னு சொல்லு. கொட்டுனவளே அள்ளு."

"அவருக்கே தெரியும் அது பொய் இல்லன்னு."

"தெரிஞ்சா இன்னா? சொல்லணும்."

அருள்மொழி நடந்தாள். பச்சையம்மாள் பின்னால் வந்தாள், மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிற தூரத்தில். வீட்டு வாசலில் பச்சையம்மாள் நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. காசிநாதன் கூடத்தில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணி சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தாள். சேலை மட்டும் தெரிந்தது.

"அண்ணா."

அவர் ரேடியோவை நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"களத்துல நான் சொன்னது... கோவத்துல சொல்லிட்டேன். துணி போவுதேங்கற கோவம். பச்சையம்மாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"சம்பந்தம் இல்லன்னா?"

"அவங்க யாரும் எங்கிட்ட சொல்லல."

"அப்ப யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா சொன்னேன்."

"நானா சொன்னேன்னா? நடந்ததா, நடக்கலியா?"

அவர் அவளை நேராகப் பார்த்தார். சின்ன வயதில் அவள் சிலேட்டில் வரைந்ததை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, அழுகிறாளா என்று பார்ப்பார். அதே பார்வை. உண்மை என்னவென்று இருவருக்கும் தெரியும் என்பதுதான் அவருக்கு அதில் ருசி. வாசலில் பச்சையம்மாளின் நிழல்கூட அசையவில்லை.

"நடக்கல" என்றாள்.

"அப்ப நீ சொன்னது?"

"பொய்."

"சத்தமா சொல்லு. வெளியில நிக்கறவளுக்கும் கேக்கட்டும்."

அருள்மொழி வாசல் பக்கம் திரும்பினாள். பச்சையம்மாள் அவளைப் பார்க்காமல் கதவின் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சீக்கிரம் ஆகட்டும் என்பது போல. இன்னும் வயலில் தண்ணீர் கட்டவேண்டிய வேலை அவளுக்கு இருந்தது.

"பொய்" என்று அருள்மொழி சத்தமாகச் சொன்னாள். "நான் சொன்னது பொய்."

காசிநாதன் ரேடியோ சத்தத்தைத் திரும்பக் கூட்டினார்.

"மடைய தெறந்து வுட்டுக்க, போ" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் போகத்துக்கு மட்டும்."